இருபது நிமிடக் காதலனின் எட்டாவது கட்டு

பேய்களில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு பேய்தான். பெயர் சேகர். பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த் கரைக்கும் நடுவே ஓடும் ஃபெரியில் எஞ்சின் பழுது பார்த்தவன். அந்த ஃபெரியிலேயே செத்துப்போய், அந்த ஃபெரியிலேயே இருக்கிறான். படகு கரையை விட்டுக் கிளம்பினால் கண்ணுக்குத் தெரிவான். அக்கரையைத் தொட்டால் மறைந்துவிடுவான். தினமும் வேலைக்குப் போகும் நர்ஸ் நிரஞ்சனாவும் அவனும் அந்த இருபது நிமிடத்துக்குள்தான் காதலிக்க வேண்டும்.

'இருபது நிமிடக் காதலன்' என்ற இந்தத் தொடர் நாவலை எழுதுகிறவர் பினாங்கில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆறு பாகங்கள் வந்திருந்தன. ஆறையும் கோயம்புத்தூரில் எங்கள் தெரு வாடகை நூலகத்தில் வாங்கி, ஒவ்வொன்றையும் மூன்று தடவை படித்தவள் நான். வயது நாற்பத்தாறு. வெட்கமாக இல்லையா என்று கேட்பவர்களுக்கு, இல்லை.

ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டுவார்கள். பழைய ஃபெரிகளை நிறுத்திவிட்டுப் புதிய படகுகள் விடப்போகிறார்களாம். நிரஞ்சனா அதைப் படிப்பாள். அவளுக்குப் பின்னால் நின்று சேகரும் படிப்பான். தொடரும் என்று போட்டுவிட்டார்கள். படகு போய்விட்டால் அவன் எங்கே போவான்? இரண்டு வருடமாக நானும் அந்த அறிவிப்புப் பலகை முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். ஏழாம் பாகம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது, மலேசியாவில் மட்டும் கொஞ்சம் பிரதிகள் அச்சடித்திருப்பதாகவும் சொன்னார்கள். நூலகக்காரர் கையை விரித்துவிட்டார்.

எங்கள் கம்பெனி பம்புசெட்டு மோட்டார் செய்கிறது. அதற்குள் போகும் ஒரு சின்ன மின்பலகை, பினாங்கு மாநிலத்தில் புக்கிட் தெங்கா என்ற இடத்துத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. புதிய சோதனை முறையைச் சொல்லிக்கொடுக்க யாராவது ஒரு வாரம் போய் வர வேண்டும் என்று மேனேஜர் ஆரம்பித்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். போர்டைப் பார்க்கப் போகிறாயா, பேயைப் பார்க்கப் போகிறாயா என்று வீட்டில் என் கணவர் கேட்டார். இரண்டையும் என்றேன்.

திங்கட்கிழமை காலை. தீவில், ஜார்ஜ் டவுன் நகரத்தில் லிட்டில் இந்தியாவை ஒட்டி எனக்கு அறை. கீழே இருந்த கடையில் நுழைந்ததுமே, கல்லாவில் இருந்தவர் பசியாறியாச்சா என்று கேட்டார். முன்பின் தெரியாத மனிதர் என் பசியைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். காலைச் சாப்பாட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்களாம். ரொட்டி சானாய் என்று ஒன்று வந்தது. நம் பரோட்டாவின் தங்கை என்று சொல்லலாம். அக்காவைவிட மெல்லியவள், கோபம் குறைந்தவள். கூடவே ஆற்றி ஆற்றி நுரை கட்டிய தே தாரிக் டீ. நான்கே வெள்ளிதான் ஆனது. இங்கே ரிங்கிட்டை யாரும் ரிங்கிட் என்று சொல்லிக் கேட்கவில்லை, எல்லாம் வெள்ளிதான்.

அறையிலிருந்து ஃபெரித் துறைக்கு நடந்தே போய்விடலாம். ஆறு பாகம் படித்தவள் அந்தத் துறையில் எப்படி நடந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்தத் தூணில்தான் நிரஞ்சனா சாய்ந்திருப்பாள், இந்தக் கதவு வழியாகத்தான் ஓடியிருப்பாள் என்று நானாக முடிவுசெய்துகொண்டு, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். பின்னால் வந்த சீனப் பாட்டி ஒருத்தர் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக் கீழே குனிந்து அவரும் தேட ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் படகைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. கார்களை ஏற்றிக்கொண்டு, திறந்த மாடியோடு, ஆடி அசைந்து போகும் பழைய ஃபெரி இல்லை. பளபளவென்று சின்னதாக, ஏசி போட்டு, பஸ்ஸில் உள்ளது மாதிரி இருக்கைகளோடு ஒரு படகு நின்றது. அதைவிட மோசம், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டது. பாவம் சேகர், காதலிக்கும் நேரத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்களே என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

பட்டர்வொர்த்தில் தொழிற்சாலை பஸ் காத்திருந்தது. அதில்தான் மல்லிகாவைப் பார்த்தேன். நான் சோதனை முறை சொல்லிக்கொடுக்க வேண்டிய பிரிவுக்கு அவள்தான் தலைவி. வீடு பாகான் டாலாமில். எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு மெல்லிய நோட்டுப் போன்ற ஒன்றைப் படித்துக்கொண்டு வந்தாள். மரியாதையில்லாமல் எட்டிப் பார்த்தேன். முதல் வரியிலேயே நிரஞ்சனா இருந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். ஏழாம் பாகம் வெளியான அன்றே பிரதிகள் தீர்ந்துவிட்டன. அந்த பஸ்ஸில் வரும் பெண்களில் ஒருவருக்குத்தான் ஒரு பிரதி கிடைத்தது, லெட்சுமி அக்காவுக்கு. படிக்க ஆசைப்பட்டவர்களோ ஆறு பேர். யார் முதலில் படிப்பது என்று பஸ்ஸில் சண்டை வந்ததும், லெட்சுமி அக்கா புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சரஸ்வதியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிளேடால் எட்டாக அறுத்துவிட்டார். ஒவ்வொரு கட்டையும் ஊசிநூலால் தைத்து, அவர் முதலில் படித்துவிட்டுக் கொடுப்பார். அது கை மாறி மாறிப் போகும். எல்லோரும் முடித்ததும் எட்டையும் சேர்த்துத் தைத்து மறுபடி புத்தகமாக்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

சட்டம் ஒன்றே ஒன்று. முன்னால் படித்தவர் பின்னால் வருபவருக்குக் கதையைச் சொல்லக் கூடாது. சொன்னால் பஸ் முழுவதற்கும் கறிபாப் வாங்கித் தர வேண்டும். கறிபாப் என்பது உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த சோமாசி மாதிரியான பலகாரம். இதுவரை இரண்டு பேர் வாங்கித் தந்திருக்கிறார்களாம்.

மல்லிகாவுக்கு என்மேல் இரக்கம் வந்து, முதல் இரண்டு கட்டுகளையும் அன்றைக்கே வாங்கிக் கொடுத்தாள். ஒன்றின் அட்டையில் பெரிதாக 1 என்றும் இன்னொன்றில் 2 என்றும் இருந்தது. இரண்டையும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன். நாசி கண்டார் கடையில் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, இன்னும் பெயர் தெரியாத இரண்டு குழம்பு எல்லாவற்றையும் ஒரே சோற்றின்மேல் ஊற்றிக் கொடுத்தார்கள். நம் ஊரில் இப்படிக் கலந்தால் அம்மா கையிலேயே அடிப்பாள். இங்கே கலக்காவிட்டால் கடைக்காரர் வருத்தப்படுகிறார். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தில் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு தப்புச் செய்தேன். சாயங்காலம் பஸ்ஸில் மல்லிகா, அடுத்தது என் பையில் இருக்கிறது, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் யாரிடமோ பேசப் போய்விட்டாள். பைக்குள் கையை விட்டேன். ஒரே ஒரு கட்டுதான் இருந்தது. அட்டையில் 8.

எட்டு! கடைசிக் கட்டு! மல்லிகா தெரியாமல் மாற்றி வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். நியாயமாக அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், கட்டை என் கைப்பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, ஜன்னல் வழியாக மரங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று முதல் ஏழு வரை படிக்காமல் எட்டைப் படிப்பது பாவம் என்று ஒரு மனசு சொன்னது. இரண்டு வருடம் காத்திருந்தவளுக்குப் பாவமாவது புண்ணியமாவது என்றது இன்னொன்று.

ஃபெரியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, படகு கிளம்பும் வரை காத்திருந்தேன். கிளம்பிய பிறகு திறந்தால்தானே சேகருக்கு மரியாதை. திறந்தேன். இரண்டாம் கட்டு எந்த வாக்கியத்தில் அறுபட்டதோ, அந்த வாக்கியத்தின் மீதிதான் முதல் வரியில் இருந்தது. மூன்றாவது கட்டு.

மறுநாள் காலையில் மல்லிகாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சீனர் கடைகளில் கொடுக்கிற, தினம் ஒரு தாள் கிழிக்கிற பெரிய காலண்டர் லெட்சுமி அக்கா வீட்டில் தொங்குகிறது. ஒரு கட்டைப் படித்து முடிக்கும் நாளில் அன்றைய தாளைக் கிழித்து அதற்கு அட்டை போடுவது அவர் பழக்கம். போன மாதம் ஒன்றாம் தேதி முதல் கட்டு, இரண்டாம் தேதி இரண்டாவது, பிறகு ஓவர்டைம் வந்துவிட்டதால் மூன்றாவதை முடிக்க எட்டாம் தேதி ஆகிவிட்டது. நான் தேதியைத் திருடியிருக்கிறேன்.

அப்படியானால் உண்மையான எட்டாவது கட்டு எங்கே என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. பஸ்ஸில் யாருமே அதைப் படிக்கவில்லை. லெட்சுமி அக்கா போன மாதக் கடைசியோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஏழு கட்டு கொடுத்தவர் எட்டாவதை மட்டும் கொடுக்கவில்லை. யார் வீட்டுக்குப் போய்க் கேட்டாலும், இன்னும் படித்து முடிக்கவில்லை, கண் சரியாகத் தெரியவில்லை, அடுத்த வாரம் வா என்கிறாராம். மூன்று வாரமாக ஒருவர் மாற்றி ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சனிக்கிழமை மாலை என் விமானம்.

எங்களுக்குப் பின்சீட்டில் நோர் என்ற மலாய்ப் பெண் உட்காருவாள். தமிழ் படிக்கத் தெரியாது. மல்லிகா தினமும் மலாயில் கதை சொல்லிக் கேட்டு அவளும் சேகரிடம் மனசைப் பறிகொடுத்தவள். அவள் மல்லிகாவின் தோளைத் தட்டி ஏதோ கேட்டாள். என்ன கேட்கிறாள் என்றேன். "அந்தப் பேய்க்கு வேற வேலை கிடைச்சிச்சா இல்லையான்னு கேக்குறா லா" என்றாள் மல்லிகா, இந்த ஊர் வழக்கப்படி வாக்கியத்தின் வாலில் ஒரு 'லா' ஒட்டி.

புதன்கிழமை நான்காவதும் ஐந்தாவதும் கிடைத்தன. வேலை நேரத்தில் மின்பலகைகளை ஒழுங்காகவே சோதித்தேன் என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் சேகர். பழைய படகைப் பிரித்து இரும்புக்குப் போடப்போகிறார்கள். நிரஞ்சனா ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். ஒரு பேய் குடியிருக்கிறது, படகை நிறுத்தாதீர்கள் என்று யாரிடம் மனு கொடுப்பாள்? அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாம்பார் காரமா என்று பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று வாங்கிக் குடித்தேன்.

ஆறும் ஏழும் ஜைனப்பிடம் இருந்தன. தீவில் மலைப்பக்கம் இருக்கும் ஆயர் ஈத்தாமில் இருந்து தினமும் பஸ், ஃபெரி, மறுபடி பஸ் என்று மூன்று மாறி வேலைக்கு வருகிறவள் அவள். வியாழக்கிழமை பார்த்து விடுப்பு எடுத்துவிட்டாள். விடுவேனா? வேலை முடிந்து தீவுக்கு வந்ததும் ஆயர் ஈத்தாம் பஸ் எது என்று விசாரித்து ஏறினேன். பாதித் தூரம் போன பிறகுதான், மலை எனக்கு முன்னால் வராமல் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது என்று உறைத்தது. டிரைவரிடம் ஓடினேன். அவர் மலாயில் நிதானமாகச் சொன்னதை, முன்சீட்டில் இருந்த பள்ளி மாணவி ஆங்கிலத்தில் சொன்னாள். நீங்கள் சொல்லும் இடத்துக்கு இந்த பஸ் போகாது, ஆனால் நீங்கள் சந்தோஷமாக இருந்ததால் கேட்கவில்லை என்றாராம்.

இறங்கி, எதிர்ப்பக்கம் போய், இன்னொரு பஸ் பிடித்து, ஒரு மணி நேரம் தாமதமாக ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தேன். மலை அடிவாரத்தில் அடுக்கு மாடிக் குடியிருப்புகளும் சின்னக் கடைகளுமாக, நம் உக்கடம் மாதிரி நெரிசலான இடம். ஜைனப் இரண்டு கட்டுகளோடு காத்திருந்தாள். லக்சா சாப்பிடாமல் போகக் கூடாது என்று ஒரு கடையில் உட்கார வைத்தாள். மீனும் புளியும் சேர்த்த குழம்பில் வெள்ளையான நூடுல்ஸ், மேலே புதினா, அன்னாசி. முதல் வாய் சாப்பிட்டதும் இது மீன் குழம்பா, பழ சாலட்டா என்று நாக்குக் குழம்பியது. இரண்டாவது வாயில் சமாதானம் ஆனது. மூன்றாவது வாயில் ஏழாவது கட்டைத் திறந்துவிட்டேன். ஆறாவதைப் பஸ் நிறுத்தத்திலிருந்து கடைக்கு நடந்தபோதும், லக்சா வரக் காத்திருந்தபோதும் படித்து முடித்திருந்தேன்.

ஏழாவது கட்டின் கடைசியைச் சொல்கிறேன். (நீங்கள் பஸ்ஸில் இல்லை, கறிபாப் கேட்க முடியாது.) பழைய ஃபெரியின் கடைசி ஓட்டம். நீ வராதே, நான் போவதைப் பார்க்காதே என்று சேகர் சொல்லியிருக்கிறான். நிரஞ்சனா வருகிறாள். இருபது நிமிடமும் இருவரும் ஒன்றும் பேசுவதில்லை. படகு கரையைத் தொடும்போது அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். கயிறு கட்டுகிறார்கள். அவள் கண்ணைத் திறந்து பார்க்கிறாள். அவன் மறையவில்லை.

அவ்வளவுதான். கட்டு முடிந்தது. லக்சா ஆறிப்போயிருந்தது. ஜைனப் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "எனக்கும் இப்படித்தான் லா இருந்திச்சி. ரெண்டு நாள் சோறு எறங்கல" என்றாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மல்லிகாவோடு பாகான் டாலாம் போனேன். லெட்சுமி அக்கா வீட்டு வாசலில் என்னை விட்டுவிட்டு, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவள் நழுவிவிட்டாள். நேற்றுத்தான் கேட்டுத் திட்டு வாங்கினாளாம். வெளியூர்க்காரி கேட்டால் மனசு இரங்கலாம் என்பது அவள் கணக்கு.

லெட்சுமி அக்கா ஒல்லியான, வேகமான மனுஷி. கண் தெரியவில்லை என்று சொல்பவர், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் என் கம்மல் கோயம்புத்தூர் டிசைனா என்று கேட்டுவிட்டார். உட்கார வைத்து, என் குடும்பம், சம்பளம், பிள்ளையின் படிப்பு எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார். பேச்சுக்கு நடுவில் எட்டாவது கட்டு என்று நான் ஆரம்பித்ததும், இன்னும் முடிக்கவில்லையே என்று எழுந்து அடுப்படிக்குப் போனார். தோசை ஊற்றப் போவதாகவும், கூடத்து அலமாரியிலிருந்து இரண்டு மங்கு எடுத்து வரும்படியும் உள்ளேயிருந்து சொன்னார். மங்கு என்றால் இங்கே தட்டு.

அலமாரியைத் திறந்தேன். அடுக்கிய தட்டுகளுக்கு நடுவில் அது இருந்தது. காலண்டர் தாளில் அட்டை போட்டு, நேர்த்தியாக மடித்து. போன மாதத் தாள். தேதி 27.

ஒரு வினாடியில் புரிந்துவிட்டது. படித்து முடித்த அன்றுதான் அவர் அட்டை போடுவார். இருபத்தேழாம் தேதியே, கடைசியாக பஸ் ஏறியதற்கு முன்பே, லெட்சுமி அக்கா எல்லாவற்றையும் முடித்துவிட்டார்.

தட்டோடு அதையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோசையைத் திருப்பிப் போட்டார். கோபப்படவில்லை.

"முப்பது வருசத்துக்கு மேல அந்த பஸ்ல போனேன்" என்றார். "அந்தச் சீட்டுல உக்காந்துதான் புள்ள பெத்துக்கிட்டது, ஊடு கட்டுனது, எல்லாத்தையும் பேசுவோம். இப்ப காலையில அஞ்சு மணிக்கு முழிப்பு வந்திருது. பஸ்ஸு ஊட்டுக்கு முன்னாடிதான் போவுது. நின்னு பாப்பேன்."

இன்னொரு கரண்டி மாவை ஊற்றித் தேய்த்தார்.

"எட்டாவத கேக்கத்தான் வர்றாங்க இவளுங்க. வந்தா ஒக்காந்து ஒரு மணி நேரம் பேசிட்டுப் போவாங்க. இத குடுத்திட்டேன்னா, அப்புறம் எதுக்கு வருவாங்க?"

பாவமாக இருந்தது. அதே சமயம், சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், என் விரல் அந்த அட்டையின் ஓரத்தை விட்டு நகரவில்லை. அதையும் அவர் பார்த்துவிட்டார்.

"நீ நாளைக்குப் போறவ. இங்கயே ஒக்காந்து படிச்சிட்டுப் போ. அவளுங்ககிட்ட மட்டும் சொல்லாத."

தோசை வாசனை, கையில் எட்டாவது கட்டு, யாரும் தடுக்கப்போவதில்லை. முப்பத்திரண்டு பக்கம். அரை மணி நேரம் போதும். முதல் தாளைப் புரட்டியும் விட்டேன். அப்போது வாசலில் மல்லிகாவின் செருப்புச் சத்தம் கேட்டது. தான் படிக்காத கதைக்காக என்னை அழைத்து வந்து, எனக்காகக் கடைக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுப் போனவள். நான் இதைப் படித்தால் என் முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள். என் முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. மூடிவிட்டேன். என் நாற்பத்தாறு வருடத்தில் இதைவிடப் பெரிய தியாகம் செய்ததாக நினைவில்லை.

ஆனால் சும்மாவும் விடவில்லை. கொடுத்தால்தானே வர மாட்டார்கள், கொடுக்காதீர்கள், நீங்களே படித்துக் காட்டுங்கள் என்று அவசரமாகக் காதில் சொன்னேன். எங்கே என்றார். ஃபெரியில் என்றேன், வேறு எங்கே. அவர் மல்லிகாவுக்கும் ஒரு தோசை ஊற்றினார். அவள் உட்கார்ந்து பாதி சாப்பிட்ட பிறகு, நாளைக் காலை பதினோரு மணிக்கு எல்லோரையும் ஃபெரித் துறைக்கு வரச் சொல் என்று மட்டும் சொன்னார். மல்லிகாவுக்குப் புரையேறியது.

சனிக்கிழமை. பெட்டியை ஹோட்டல் முன்னறையில் வைத்துவிட்டு, படகேறி பட்டர்வொர்த் போனேன். லெட்சுமி அக்கா தீபாவளிக்குக் கட்டுவது போன்ற புடவையில் நடுநாயகமாக நின்றார். மல்லிகா, நோர், இன்னும் பஸ் பெண்கள் மூவர். ஜைனப் எனக்கு முன்பே ஆயர் ஈத்தாமிலிருந்து வந்துவிட்டாள். யாரிடமும் அதற்குமேல் எந்த விளக்கமும் சொல்லாமல் அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "தண்ணியில மட்டுந்தான் படிப்பேன். கரைய தொட்டா மூடிருவேன். சேகருக்கு உள்ள சட்டம்தான் எனக்கும்."

படகு கிளம்பியது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். அடடா, என்ன படிப்பு! நிரஞ்சனாவுக்கு ஒரு குரல், சேகருக்கு ஒரு குரல். மல்லிகா நோரின் காதில் மலாயில் ஓட்டிக்கொண்டே வந்தாள். அதனால் நிரஞ்சனா அழும் இடத்தில் நாங்கள் அழுது முடித்த பிறகு நோர் தனியாக அழுதாள். கரை வந்தது. கட்டு மூடப்பட்டது. இறங்கி, சுற்றி வந்து, மறுபடி வரிசையில் நின்று ஏறினோம். அந்த இடைவெளியில் மேலே என்ன நடக்கும் என்று ஏழு பேரும் ஏழு கதை சொன்னோம். லெட்சுமி அக்கா எல்லாவற்றுக்கும் அமைதியாகத் தலையாட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

இரண்டாவது ஓட்டத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு தமிழர், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பட்டர்வொர்த் கரை தொட்டு அக்கா மூடியதும் திரும்பி, "அப்புறம் என்னாச்சிங்க அக்கா?" என்றார். அடுத்த ஓட்டத்துக்கு வந்தால் தெரியும் என்றார் அக்கா. அவரும் எங்களோடு சுற்றி வந்து வரிசையில் நின்றார்.

மூன்றாவது ஓட்டம். ஜார்ஜ் டவுன் பக்கம். எனக்கு அதுதான் கடைசி. பழைய படகு போனதோடு, கரையில் மறையாமல் நின்ற சேகரும் போய்விட்டான்; நிரஞ்சனா முதன்முறையாகப் புதிய படகில் ஏறுகிறாள். சின்னப் படகு, ஏசி, பஸ் மாதிரி இருக்கைகள். நான் உட்கார்ந்திருந்த அதே மாதிரி இருக்கை. கரையை விட்டு நகர்கிறது. யாரும் வரவில்லை. ஐந்து நிமிடம் ஆகிறது. அவள் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைக்கப் போகிறாள். அப்போது கீழே எஞ்சின் பக்கத்திலிருந்து, இரும்பில் ஸ்பானரால் தட்டும் சத்தம். ஒன்று. இரண்டு. அவன் எப்போதும் மூன்று தடவை தட்டுவான். மூன்றாவதற்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு

படகு கரையைத் தொட்டது. லெட்சுமி அக்கா கட்டை மூடிவிட்டார்.

கெஞ்சினேன். ஒரே ஒரு வரி என்றேன். நான் வெளிநாட்டுக்காரி என்றேன். ஹெல்மெட்காரர்கூட எனக்காகப் பரிந்து பேசினார். "அடுத்த சனிக்கிழமை லா" என்றார் அக்கா, எல்லோரையும் பார்த்து. "பதினோரு மணி. யாரும் லேட்டா வரக் கூடாது." பெண்கள் கத்தினார்கள், திட்டினார்கள், ஆனால் ஒருத்திகூட வர மாட்டேன் என்று சொல்லவில்லை. அக்கா என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டார். அவர்கள் திரும்பும் படகில் ஏறிப் போவதை நான் துறையில் நின்று பார்த்தேன். இன்னும் பத்துப் பக்கம் இருந்தது. அது தண்ணீருக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டுக்காகக் கைப்பைக்குள் துழாவியபோது காலண்டர் தாள் கையில் தட்டுப்பட்டது. பெரிதாக 8. செவ்வாய்க்கிழமை நான் ஜிப்பை இழுத்து மூடிய மூன்றாவது கட்டு. எல்லோரும் படித்து முடித்த கட்டு என்பதால் யாரும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இது இல்லாமல் அவர்களால் புத்தகத்தைச் சேர்த்துத் தைக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, போர்டெல்லாம் சரியா என்று கேட்டார். சரி என்றேன். அந்த ஃபெரிப் பையன் என்ன ஆனான் என்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். ஆறு பாகத்தையும் எனக்குத் தெரியாமல் படித்திருக்கிறார் மனுஷர்! தெரியாது என்றேன். ஒரு வாரம் போய் வந்தும் தெரியாதா என்று அவருக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் காப்பியைக்கூட அவரே போட்டுக்கொண்டார்.

மல்லிகாவுக்குச் செய்தி அனுப்பினேன். மூன்றாவது கட்டு மறதியாக என்னோடு வந்துவிட்டது, மன்னித்துக்கொள், அடுத்த சனிக்கிழமை நீங்கள் படிக்கும் முடிவை எனக்குச் சொல்லிவிடாதே, கட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கிறேன் என்று. மறதிதான். சத்தியமாக மறதிதான்.

பதில் குரல் செய்தியாக வந்தது. மல்லிகாவின் போன், லெட்சுமி அக்காவின் குரல்.

"தபால்லல்லாம் அனுப்பாத. வழியில தொலைஞ்சிரும். நீயே கொண்டாந்து குடு."

கட்டை எங்கள் வீட்டு அலமாரியில், தட்டுகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.